தொட்டி நீர் ஏன் கலங்குகிறது? கடல்மீன் வளர்ப்போர் கேள்விகளும் பதில்களும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: கண்ணாடித் தொட்டியில் உள்ள கடல்நீர் கலங்கிவிட்டது, எதை ஊற்றினால் தெளியும்? எதையும் ஊற்றுவதற்கு முன், நீரில் மிதப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே என் பதில். மணல் தூசியால் கலங்கிய நீரும் பாக்டீரியா பெருகிக் கலங்கிய நீரும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆனால் முன்னதில் மீன் வழக்கம்போல நீந்திக்கொண்டிருக்கும். பின்னதில் விடிவதற்குள் இறந்துவிடவும் கூடும். ஆகவே முதல் கடிதத்துக்குச் சற்று விரிவாக எழுதுகிறேன். மற்றவர்களும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் பதிலுக்கு வருவது நல்லது.

கேள்வி: மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டியில் கடல்மீன் வளர்க்கத் தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன. இரண்டு க்ளவுன் மீன்களும் மூன்று டேம்சல் மீன்களும் உள்ளன. முதல் வாரம் தெளிவாக இருந்த நீர் பிறகு நீர்த்த பால் போல வெளுத்துவிட்டது. கடையில் கொடுத்த தெளிவிப்பான் திரவத்தை ஊற்றியும் பயனில்லை. நீர் முழுவதையும் இருமுறை மாற்றினேன்; இரண்டு முறையும் ஓரிரு நாளில் மீண்டும் கலங்கிவிட்டது. இப்போது மீன்கள் வேகமாக மூச்சு வாங்குகின்றன. என்ன செய்வது?
— வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: மீன்கள் வேகமாக மூச்சு வாங்குகின்றன என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் முதல் வரியில் இருந்திருக்க வேண்டிய செய்தி. இதைப் படித்தவுடன் ஏர் பம்ப்பை ஓடவிடுங்கள். அலை பம்ப்பின் முகத்தை மேல்நோக்கித் திருப்பி, நீரின் மேற்பரப்பு நன்றாகக் கலையும்படி செய்யுங்கள். மேலே கண்ணாடி மூடி இருந்தால் எடுத்துவிட்டு, மீன் வெளியே குதிக்காதபடி வலை போடுங்கள். உணவை இரண்டு மூன்று நாட்களுக்கு நிறுத்துங்கள். நலமாக உள்ள மீன் அதற்குள் பட்டினியால் சாகாது. கடல்நீரில் ஆக்சிஜன் நன்னீரில் கரைவதைவிடக் குறைவாகவே கரையும். 25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் தாங்கும் என்றால், கடல்நீர் 7-க்கும் குறைவாகவே தாங்கும். வெப்பம் 30 டிகிரிக்கு ஏறினால் அது 6-ஐ ஒட்டி வந்துவிடும். சென்னைக் கோடையில் குளிர்விப்பான் இல்லாத தொட்டி இந்த எல்லையில்தான் நிற்கிறது. அந்த நிலையில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களும் அதே ஆக்சிஜனுக்குப் போட்டியிட்டால், பிழைப்பது மீனாக இருக்காது. இரவில் மின்சாரம் நிற்கும் பகுதியானால், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மீன்களுக்கு மூச்சு கிடைக்க வழி செய்த பிறகு நோயைக் கண்டறியலாம். சோப்பு படாத, நிறமற்ற கண்ணாடித் தம்ளர் ஒன்றில் தொட்டி நீரை எடுத்து, கறுப்புத் துணி அல்லது காகிதத்தின் முன்னால் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடங்களில் கலங்கல் மேல்நோக்கி எழுந்து மறைந்தால் அது நுண்ணிய காற்றுக் குமிழி. தம்ளரை இரவு முழுவதும் அசைக்காமல் விட்டு, காலையில் அடியில் வெள்ளைப் பொடி படிந்து மேல்நீர் தெளிந்திருந்தால் அது மணல் தூசி அல்லது சுண்ணாம்புப் படிவு. காலையிலும் அதே வெண்மை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக நின்றால் அது பாக்டீரியா. இளம்பச்சை தெரிந்தால் மிதக்கும் பாசி. உங்கள் தொட்டியின் வயது, ஓரிரு நாளில் கலங்கல் திரும்புவது, மீனின் மூச்சு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், தம்ளர் சொல்லப்போகும் விடை பெரும்பாலும் பாக்டீரியாவாகவே இருக்கும்.

இங்கே இருவகைப் பாக்டீரியாக்களைப் பிரித்தறிய வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுபவை கல், மணல், ஃபில்டர் போன்ற பரப்புகளில் ஒட்டி வாழ்பவை, மெதுவாகப் பெருகுபவை, ஒருமுறை இரட்டிக்கவே அவற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் தேவைப்படலாம். அவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆவது இயல்பு. மற்றொரு வகை, எஞ்சிய உணவும் செத்த உயிரியும் கரைந்து கொடுக்கும் கரிமப் பொருளைத் தின்பது. இது நீரிலேயே மிதந்துகொண்டு, உணவு கிடைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் இரட்டித்துவிடும். உங்கள் தொட்டியை வெளுக்கச் செய்திருப்பது இந்த இரண்டாம் வகை. நீர் முழுவதையும் மாற்றியபோது மிதந்தவை போயின; ஆனால் மணலுக்குள் புதைந்த உணவும் கல்லுக்குப் பின்னால் அழுகும் பொருளும் அங்கேயே இருந்ததால், எஞ்சிய சிலவற்றிலிருந்து புதிய கூட்டம் மறுநாளே கிளம்பியது. கூடவே, திடீரென மாறிய உப்பளவும் வெப்பமும் மீனை மேலும் தளர்த்தியிருக்கும்.

ஆகவே இனி முழு நீரையும் மாற்றாதீர்கள். முதலில் அம்மோனியாவை அளந்து பாருங்கள். கடல்நீரின் பி.எச். (அமில-கார அளவு) 8.2-ஐ ஒட்டி இருப்பதால், அம்மோனியாவில் நச்சான பகுதி நன்னீரில் இருப்பதைவிட அதிகம், 0.25 பி.பி.எம். (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) தெரிந்தாலே சும்மா இருக்கக்கூடாது. அப்போது நான்கில் ஒரு பங்கு நீரை, அதே வெப்பமும் அதே உப்பளவும் கொண்ட புதிய கடல்நீரால் மாற்றுங்கள். மாற்றும்போது அடிமணலில் தேங்கிய கசடைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். தேவைப்பட்டால் மறுநாளும் அவ்வாறே செய்யலாம். நைட்ரைட்டைக் கண்டு அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. கடல்நீரில் நிறைந்துள்ள குளோரைடு, அது மீனின் உடலுக்குள் புகுவதைப் பெரிதும் தடுக்கிறது. கல்லின் பின்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து மீன்களும் கண்ணில் படுகின்றனவா என்று எண்ணவும் தவறாதீர்கள். காணாமல் போன ஒரு டேம்சல்தான் பல கலங்கல்களுக்கு மூலம்.

தெளிவிப்பான் திரவம் நுண்துகள்களைத் திரட்டிக் கட்டியாக்கும். தூசிக்கு அது உதவும். பாக்டீரியா தின்னும் உணவை அது அகற்றுவதில்லை என்பதால், உங்கள் தொட்டியில் அதனால் நிலையான பயன் கிடைக்காது. நுரை எழுப்பிக் கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் இருந்தால் அதைச் சற்று நீர்த்த நுரை வரும்படி ஓடவிடுங்கள். அது கரிமப் பொருளை வெளியேற்றுவதோடு காற்றையும் கலக்கும். புற ஊதா விளக்கு பொருத்திய கருவி கிடைத்தால், நீரை மெதுவாக அதன் வழியே செலுத்தும்போது சில நாட்களில் கலங்கல் குறையும். ஆனால் மூலகாரணம் நீங்காவிட்டால், விளக்கை நிறுத்தியதும் அது திரும்பும்.

உணவு பற்றியும் சொல்ல வேண்டும். மார்க்கெட் இறாலை நறுக்கிப் போடும் வழக்கம் பலரிடம் உள்ளது. இறால் நல்ல உணவுதான். அதிலிருந்து வடியும் வெள்ளைச் சாறுதான் கெடுதல். நறுக்கிய துண்டுகளை வடிகட்டியில் போட்டு அலசி, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு மட்டும் கொடுங்கள். உறைந்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) கட்டிக்கும் இதுவே முறை. 'முதலில் டேம்சலை விட்டுத் தொட்டியைப் பழக்கு' என்று இன்னமும் கடைகளில் சொல்கிறார்கள். அம்மோனியாவில் ஒரு மீனை வாட்டித் தொட்டியைப் பழக்குவது எனக்கு உடன்பாடில்லாத முறை. மீனே இல்லாமல், சிறிதளவு அம்மோனியம் குளோரைடு இட்டு அதே பாக்டீரியாவை வளர்க்க முடியும். இனி எந்த மருந்தை அளந்தாலும் தொட்டியின் கொள்ளளவான 190 லிட்டரைக் கணக்கில் எடுக்காதீர்கள்; கல்லும் மணலும் அடைத்த இடம் போக உள்ள நீர் அதைவிடக் கணிசமாகக் குறைவு.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாக நன்றாக ஓடும் தொட்டி. காரத்தன்மை குறைந்திருந்ததால் பஃபர் பொடியைக் கரைத்து ஊற்றினேன். கால்சியமும் குறைவாக இருந்ததால் அதையும் உடனே ஊற்றினேன். சில நிமிடங்களில் தொட்டி முழுவதும் வெண்புகை பரவிவிட்டது. மறுநாள் அளந்தால் காரத்தன்மை முன்பைவிடக் குறைவாக உள்ளது. இன்னும் கொஞ்சம் பஃபர் சேர்க்கலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சேர்க்க வேண்டாம். நீங்கள் கண்டது கால்சியம் கார்பனேட் படிவு. கடல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும் இயல்பாகவே நிறைநிலைக்கு மேல்தான் கரைந்திருக்கின்றன. பஃபர் விழுந்த இடத்தில் பி.எச். ஏறியிருக்கும்போதே கால்சியத்தையும் ஊற்றினால், இரண்டும் இணைந்து சுண்ணாம்புத் துகளாகப் பிரிந்துவிடும். பிரிந்த துகள் ஒவ்வொன்றும் மேலும் சுண்ணாம்பு படிய இடம் கொடுப்பதால், நீங்கள் ஊற்றியதோடு முன்பே இருந்ததும் சேர்ந்து போய்விடுகிறது. காரத்தன்மை 2.8 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) இறங்கும்போது கால்சியம் 20 பி.பி.எம். மட்டுமே இறங்கும், ஆகவே கால்சியச் சோதனையில் பெரிய மாற்றம் தெரியாமல் காரத்தன்மை மட்டும் சரிந்ததாகத் தோன்றும். அதைப் பார்த்துப் பதறி மீண்டும் பஃபர் ஊற்றுபவர்கள், மீண்டும் வெண்புகையைத்தான் காண்கிறார்கள்.

மீன்களுக்கு இதனால் பொதுவாக உடனடி ஆபத்து இல்லை. நுண்ணிய பஞ்சு ஃபில்டரை வைத்து, அது அடைபட்டதும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஓரிரு நாளில் நீர் தெளிந்துவிடும். பவளங்கள் மீது படிந்த பொடியைச் சிறு பம்ப்பால் மெல்ல ஊதிவிடுங்கள். பம்ப்பின் சுழலியையும் ஹீட்டரையும் வெளியே எடுத்துப் பாருங்கள். விரலால் தேய்த்தால் சொரசொரப்பாக ஒரு வெள்ளைப் பொருக்கு தட்டுப்படும். அதன் மீது வினிகர் விட்டால் நுரைத்துக் கரையும். கலங்கல் சுண்ணாம்பினால்தான் என்பதற்கு அதுவே உறுதியான சான்று. பம்ப்பைச் சுத்தம் செய்யும் வழியும் அதுவே.

நீர் தெளிந்த பின், ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றிவிட்டு மூன்றையும் அளந்து பாருங்கள்: காரத்தன்மை 7 முதல் 9 டி.கே.எச்., கால்சியம் 420 பி.பி.எம். அளவில், மக்னீசியம் 1300 பி.பி.எம். அளவில் இருப்பது நலம். மக்னீசியம் குறைவாக இருந்தால் இந்தப் படிவு எளிதில் நிகழும். எனவே முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு காரத்தன்மையை நாளொன்றுக்கு 1 டி.கே.எச்.-க்கு மேல் உயர்த்தாதீர்கள். பஃபரைக் காலையிலும் கால்சியத்தை மாலையிலும், நீரோட்டம் மிகுந்த இடத்தில் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். சிலர் இரண்டுக்கும் பதிலாகச் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டு சொட்டாக விடுகிறார்கள். நல்ல முறைதான், ஆனால் அதன் பி.எச். 12-க்கு மேல் என்பதால், குழாய் வேகமாகத் திறந்துகொண்டால் இதே வெண்புகையோடு மீன்களும் மடியும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பையும் அதற்குப் பயன்படுத்த வேண்டாம். அவற்றில் வேறு என்னென்ன கலந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: கடல் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில்தான். கடற்கரையில் குடத்தில் நீர் எடுத்து வந்து தொட்டியில் விடுகிறேன். சில முறை தெளிவாக இருக்கிறது; சில முறை மறுநாளே கலங்கி, ஒருவிதக் கவிச்சி நாற்றம் வருகிறது. வடிகட்டினால் போதுமா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: பல ஊர்க்காரர்கள் விலை கொடுத்துக் கலக்கும் பொருள் உங்களுக்கு வாசலில் கிடைக்கிறது, ஆனால் அதில் உயிர் நிறைந்திருப்பதுதான் சிக்கல். நீங்கள் முகந்த குடத்தில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள் ஏராளமாக இருக்கும். அலையும் சூரிய ஒளியும் இல்லாத தொட்டியில் அவை ஒரே இரவில் மடிந்து அழுகுகின்றன. அதைத் தின்று பாக்டீரியா பெருகுகிறது. நாற்றத்துக்கும் கலங்கலுக்கும் காரணம் இதுவே. துணியில் வடிகட்டினால் மணலும் பாசித்துணுக்கும் நிற்கும். மிதவை உயிரிகளில் பெரும்பகுதி துணியைக் கடந்துவிடும்.

ஆகவே, உணவுப் பொருளுக்கு உகந்த பிளாஸ்டிக் டிரம்மில் நீரை ஊற்றி, வெளிச்சம் புகாமல் மூடி, இரண்டு வாரம் அசைக்காமல் வையுங்கள். மிதந்தவை மடிந்து அடியில் படியும். பிறகு அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு உள்ள நீரைத் தொடாமல், மேல்நீரை மட்டும் குழாயால் வேறு டிரம்முக்கு இறக்கி, ஒரு நாள் முழுவதும் காற்று ஊதி, உப்பளவையும் அம்மோனியாவையும் பார்த்த பின்பே தொட்டியில் விடுங்கள். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் குளோரின் இட்டு, பின்பு அதைத் தயோசல்ஃபேட்டால் முறித்துப் பயன்படுத்துகிறார்கள். எஞ்சிய குளோரினை அளந்து பார்க்கும் வசதி இல்லாத வீட்டில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எங்கே, எப்போது முகக்கிறோம் என்பது வடிகட்டுவதைவிட முக்கியம். துறைமுகத்தையும் மீன்பிடித் துறையையும் ஒட்டிய நீரில் டீசல் எண்ணெய் மிதக்கும். உப்பளங்களின் கழிவுநீர் சேரும் இடத்தில் உப்பளவு மிகுந்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஓடை முகத்துவாரத்தில் அது மிகக் குறைந்திருக்கும். தொட்டிக்கு வேண்டியது ஆயிரத்துக்கு 35 என்ற அளவு. அதாவது உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026. படகில் செல்பவர்களிடம் கேனைக் கொடுத்து, கரையை விட்டு விலகிய தெளிந்த நீரைக் கொண்டுவரச் சொல்வதே சிறந்தது. கடல் நிறம் மாறியிருக்கும் நாட்களில் முகக்கவே வேண்டாம். 2019-இல் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானபோது மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. அத்தகைய நீரை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவருவதைவிட, நீர் மாற்றாமலே ஒரு மாதம் இருந்துவிடலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நீர் எடுக்கப் போகிற இடத்தில் பவளக் கல்லோ கடல்குதிரையோ கடலட்டையோ கிடைத்தால், உயிரற்றுக் கிடந்தாலும் எடுத்து வராதீர்கள். பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. க்ளவுன் மீன்களைப் பொறுத்தவரை, மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் அவற்றைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துக் காட்டியுள்ளன; அவ்வாறு பிறந்தவற்றைக் கேட்டு வாங்குவது நல்லது.

கேள்வி: புதிய ஸ்கிம்மர் வைத்ததிலிருந்து தொட்டி மங்கலாகவே இருக்கிறது. மீன்கள் நலமாக உள்ளன. பாக்டீரியாவா?
— வாசகர், மதுரை

பதில்: குமிழியாகத்தான் இருக்கும். எல்லா பம்ப்புகளையும் ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். தெளிந்துவிட்டால் ஐயமே இல்லை. புதிய ஸ்கிம்மர் ஒரு வாரம், சில வேளைகளில் அதற்கும் மேல், இப்படிக் குமிழியைத் தள்ளுவது வழக்கம். பிறகு தானே அடங்கும். அதன்பின்னும் தொடர்ந்தால் சம்ப் என்னும் துணைத் தொட்டியில் நீர்மட்டத்தைப் பாருங்கள். ஆவியாகி மட்டம் இறங்கும்போது, மேலேற்றும் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். ஆவியானதை ஈடுகட்ட உப்பில்லாத தூயநீரையே ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

கேள்வி: நேற்று மாலை விளக்கு அணையும் நேரத்தில், கண்ணாடியில் ஏறியிருந்த டர்போ நத்தை ஒன்று வெண்புகை போல எதையோ விட்டது. பத்து நிமிடத்தில் தொட்டி மங்கிவிட்டது. நத்தை இறக்கிறதா?
— வாசகி, சிங்கப்பூர்

பதில்: இறக்கவில்லை, இனப்பெருக்கத்துக்காக விந்தணுக்களை நீரில் விட்டிருக்கிறது. ஒன்று தொடங்கினால் மற்றவையும் தொடர்வதுண்டு. ஸ்கிம்மரும் கரி ஃபில்டரும் இருந்தால் காலைக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். இரவு மட்டும் காற்றை அதிகப்படுத்தி வையுங்கள். கடலட்டை வளர்ப்பவர்களுக்கு மட்டும் எச்சரிக்கை: அதன் முட்டைகளில் நச்சு உண்டு. அது இவ்வாறு வெளியிட்டால் உடனே புதிய கரி வைத்து, பெரிய அளவில் நீர் மாற்ற வேண்டும்.

கேள்வி: வீட்டு ஆர்.ஓ. நீரில் உப்பு கலந்து வாரந்தோறும் நீர் மாற்றுகிறேன். மாற்றிய அன்று நீர் கலங்குகிறது. இரண்டு நாளில் தெளிகிறது. ஆனால் மணல் மேல் பழுப்புப் படலம் படர்கிறது. ஒரு மாதமாக நத்தைகளும் ஒவ்வொன்றாகச் சாகின்றன. உப்பு சரியில்லையா?
— வாசகர், திருச்சி

பதில்: உப்பின் மீது பழி போடுவதற்கு முன், கலக்கும் முறையைப் பாருங்கள். டிரம்மில் முதலில் நீரை நிரப்பி, உள்ளே பம்ப்பை ஓடவிட்டு, அதன் பின்பே உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். பையிலேயே அச்சிட்டிருக்கும் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 35 முதல் 40 கிராமுக்குள் இருக்கும். உப்பைக் கொட்டிவிட்டு அதன் மேல் நீரை ஊற்றினால், முதலில் கரையும் அடர்ந்த கரைசலிலேயே சுண்ணாம்பு பிரிந்துவிடும். சீக்கிரம் கரையட்டும் என்று வெந்நீர் ஊற்றினாலும் அப்படித்தான். பம்ப்பை ஒரு இரவு ஓடவிட்டு, அடி தெரியும்படி தெளிந்த பின் பயன்படுத்துங்கள். சமையல் உப்பையோ உப்பளத்துக் கல்லுப்பையோ மாற்றாகப் பயன்படுத்த முடியாது. உப்பளத்தில் சோடியம் குளோரைடு மட்டும் படிகமாகி, மக்னீசியம் கழிவுநீரோடு போய்விடுகிறது.

அடுத்தது நீர். குடிநீருக்கான ஆர்.ஓ. கருவிகளில் சுவைக்காகத் தாதுக்களை மீண்டும் சேர்க்கும் அமைப்பு இருக்கும், நீரில் கரைந்தவற்றை அளக்கும் டி.டி.எஸ். பேனாவை விட்டால் 50 முதல் 100 வரை காட்டும். கடல்நீர் கலக்க அது 0 காட்ட வேண்டும். எஞ்சிய சிலிக்கேட்டைத் தின்றே அந்தப் பழுப்புப் படலம், அதாவது டயாட்டம் பாசி, வளர்கிறது. அதைவிட முக்கியமாக, உங்கள் கருவியில் 'காப்பர்' வடிகட்டி உள்ளதா என்று இன்றே பாருங்கள். மனிதருக்கு நல்லது என்று விளம்பரப்படுத்தி விற்கப்படும் அந்தச் செம்பு, மிகச் சிறிய அளவிலேயே நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. இருந்தால், நத்தைகள் ஒவ்வொன்றாகச் சாவதற்கு அதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆர்.ஓ. படலத்தை அடுத்து, தாது சேர்க்கும் பகுதிக்கும் காப்பர் வடிகட்டிக்கும் முன்பாகவே ஒரு கிளைக்குழாய் எடுத்து, அதன் முனையில், எஞ்சிய தாதுக்களையும் நீக்கும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். சர்வீஸுக்கு வருபவரால் எளிதில் செய்யக்கூடிய வேலைதான். அதுவரை சேர்ந்த செம்பை இழுக்க, கரியோடு உலோகங்களைப் பிடிக்கும் ரெசின் பை ஒன்றையும் ஃபில்டரில் வைத்து, செம்புச் சோதனையில் 0 வரும்வரை புதிய நத்தைகள் எதையும் வாங்காதீர்கள்.